யோவான் குன்றின் திராட்சை

ஜெர்மனியிலே ரைன் ஆறு பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்வது. மைன்ஸ் நகரை அணுகும்போது டௌனுஸ் என்னும் மலைத்தொடர் அதன் எதிரே குறுக்கிட்டு நிற்கிறது. மலையைப் பிளந்து செல்ல இயலாத ஆறு மேற்கே திரும்பி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவு அம்மலையின் அடியை ஒட்டியே சென்று, பிங்கன் நகருக்கருகே மறுபடியும் வடக்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. இந்த வளைவினால் ஆற்றின் வலக்கரைச் சரிவு முழுவதும் தெற்கு நோக்கி அமைந்துவிட்டது. ரைன்கௌ என்பது அந்நிலப் பகுதியின் பெயர். அதன் நடுவே ஆற்றைப் பார்த்தவாறு எழுந்து நிற்கும் ஒரு குன்றினைப் பற்றியும், அக்குன்றில் விளையும் ரீஸ்லிங் என்னும் திராட்சையைப் பற்றியும், அதிலிருந்து வடிக்கும் மதுவின் குணத்தைப் பற்றியும் இன்று பேசக் கருதுகிறேன்.

மதுவைப் பற்றி மாணவர்களிடம் பேசுவதா என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். குடிப்பதைப் பற்றியன்று என் பேச்சு. ஒரு பொருளின் குணம் என்று நாம் சொல்லுகிறோமே, அது எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்தா, கொடியிலிருந்தா, அல்லது அதனைப் பயிரிட்ட மனிதர்களின் வரலாற்றிலிருந்தா? இந்தக் கேள்வியை எழுப்பி ஆராய்வதற்கு அக்குன்றைவிட வாய்ப்பான இடத்தை நான் அறியேன்.

முதலில் கொடியைப் பார்ப்போம். ரீஸ்லிங் வெண்திராட்சை வகையைச் சேர்ந்தது. சிறிய பழம், நெருக்கமான குலை. கடுங்குளிரைத் தாங்கும் உறுதி அதன் கட்டைக்கு உண்டு. ஆனால் பழம் முதிர்வதிலே அதற்கு இணையான சோம்பேறி வேறில்லை. மற்ற வகைகள் செப்டம்பரில் பறிப்புக்கு ஆயத்தமாகி நிற்கும்போது, இது அக்டோபர் முடியட்டும் என்று காத்திருக்கும். சில ஆண்டுகளில் நவம்பரையும் கேட்கும். வெயில் குறைந்த குளிர்நாட்டில் இவ்வாறு மெல்ல மெல்ல முதிர்வதனால் பழத்தில் இனிப்பு ஏறினாலும் புளிப்பு இறங்கிவிடுவதில்லை. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று அடக்காமல் இழுத்துப் பிடித்து நிற்பதே ரீஸ்லிங் மதுவின் உயிர்நிலை. இளமையில் ஆப்பிள், பீச், எலுமிச்சை ஆகியவற்றை நினைவூட்டும் மணம். நொதித்தலால் உண்டாகும் சாராயச் சத்தோ மற்ற மதுக்களைக் காட்டிலும் பெரும்பாலும் குறைவு. ஆண்டுகள் பல கடந்தால் அதில் மண்ணெண்ணெயை ஒத்த ஒரு மணம் தோன்றும். பழத்திலுள்ள நிறச்சத்துக்கள் சிதைந்து மாறுவதால் விளைவது அது என்று வேதியியலார் கூறுவர். அதனை விரும்பித் தேடுவோரும் உண்டு. முகத்தைத் திருப்பிக் கொள்வோரும் உண்டு.

எழுத்துச் சான்றில் ரீஸ்லிங்கின் பெயர் முதன்முதலாகக் காணப்படுவது 1435-ஆம் ஆண்டில். கவிதையிலோ மருத்துவ நூலிலோ அன்று. ரைன்கௌவுக்குக் கிழக்கே ரூஸெல்ஸ்ஹைம் என்னும் ஊரில், காட்ஸென்எல்ன்போகன் பிரபுவின் கணக்குப் புத்தகத்தில்! தோட்டத்தில் நடுவதற்காக ரீஸ்லிங் கன்றுகள் வாங்கிய செலவு அங்கே பதிவாகியிருக்கிறது. வரலாற்று மாணவன் இதனைக் கருத்தில் கொள்ளுவது நல்லது. அரசர்களின் மெய்க்கீர்த்திகள் மறைக்கும் பல செய்திகளைக் கணக்கப்பிள்ளையின் வரவு செலவுப் பதிவு காப்பாற்றித் தந்துவிடுகிறது. இன்னொரு செய்தியும் சுவையானது. 1990-களின் பிற்பகுதியில் மரபணு ஆராய்ச்சி செய்தவர்கள் இக்கொடியின் பெற்றோரில் ஒன்று ஹொய்னிஷ் என்னும் வகை என்று கண்டார்கள். இடைக்காலத்தில் குடியானவர்கள் தமக்கென்று பயிரிட்டு வந்த, உயர்ந்தோர் இழிவாகக் கருதிய திராட்சை அது. பேரரசர்களின் மேசைக்கு ஏறிய கொடியின் தாய்வீடு குடியானவனுடைய தோட்டம்!

இனிக் குன்றுக்கு வருவோம். 1100-ஆம் ஆண்டையொட்டிப் பெனடிக்ட் சபைத் துறவிகள் அங்கே ஒரு மடம் அமைத்தனர். அதன் கோயில் திருமுழுக்கு யோவானின் பெயரால் அமைந்தமையால், குன்று யோகானிஸ்பெர்க், அதாவது யோவான் குன்று என்று வழங்கலாயிற்று. ஆற்றுக்கு அக்கரையில் இங்கெல்ஹைம் அரண்மனையில் இருந்த சார்லமேன் பேரரசர், இக்குன்றில் மட்டும் பனி முன்னதாக உருகுவதைக் கண்டு அங்கே கொடி நடச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதை என்றே அதைக் கொள்ள வேண்டும். ஆனால் அக்கதைக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பூமியின் 50-ஆம் வடஅட்சரேகை இக்குன்றின் தோட்டத்தின் வழியே செல்லுகிறது. அவ்வளவு வடக்கே கதிரவன் தாழ்ந்தே செல்வான். பனிக்காலக் காலையில் வெயில் காய்பவர் முகத்தை வெயிலுக்கு நேரே திருப்பிக்கொண்டு உட்காருவதைப் போல, இச்சரிவு தெற்கு நோக்கிச் சாய்ந்து உள்ள வெயிலையெல்லாம் வாங்கிக் கொள்ளுகிறது. வடகாற்றை மலை தடுக்கிறது. அகன்று கிடக்கும் ஆறு பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் திருப்பித் தருகிறது. காலடியில் குவார்ட்சைட் என்னும் கடினமான கல். அதன்மேல் வண்டல் கலந்த மண். கொடிக்கு இவையெல்லாம் இயற்கை அளித்த சீதனம்.

சீதனம் மட்டும் போதுமா என்றால், போதவில்லை. 1525-ஆம் ஆண்டுக் குடியானவர் கிளர்ச்சியில் மடம் சேதமுற்றது. 1563-இல் மடமே கலைக்கப்பட்டது. பின்னர் முப்பதாண்டுப் போர் வந்து ரைன் கரையைச் சூறையாடியது. மண்ணும் வெயிலும் முன்போலவே இருந்தும் அக்குன்றின் பெயரைப் பெரிதாகச் சொல்லுவாரில்லை. 1716-இல் ஃபுல்டா நகரத்து மடாதிபதியும் சிற்றரசருமான கான்ஸ்டன்டின் ஃபொன் புட்லர் அதனை விலைக்கு வாங்கினார். இடிந்து கிடந்த மடத்தின் இடத்தில் மாளிகை எழுப்பினார். 1720-ஆம் ஆண்டையொட்டி, அங்கே ஏறக்குறைய 2,94,000 ரீஸ்லிங் கொடிகள் நடப்பட்டன என்பர். எண்ணைவிட எனக்கு வியப்பளிப்பது அதிலுள்ள துணிவு. பல வகைத் திராட்சைகளைக் கலந்து நடுவதே அக்காலத்து வழக்கம். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது உழவனின் கணக்கு. எல்லா வகைகளிலும் காலந்தாழ்த்தி முதிரும் ஒரே வகையைக் குன்று முழுவதும் நட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது ஏழை உழவனால் இயலாத காரியம். பல ஊர்களிலிருந்து வருவாய் வரும் மடத்தினால்தான் அது முடியும்.

இந்தக் காத்திருப்பே நம் கதையின் உயிரான இடம். எனவே சற்று நின்று பார்ப்போம். அந்நாளில் திராட்சை பறிப்பு எப்போது தொடங்க வேண்டும் என்பதை ஐரோப்பாவின் பல பகுதிகளில் பயிரிட்டவன் தானே முடிவு செய்ய இயலாது. விளைச்சலில் பத்திலொரு பங்கு திருச்சபைக்கோ ஆண்டவனுக்கோ சேர வேண்டும். அவனவன் விரும்பிய நாளில் பறித்தால் அந்தப் பங்கைக் கண்காணிப்பது எப்படி? ஆகவே மேலிடத்திலிருந்து நாள் குறித்து ஆணை வரும். அதற்கு முன் எவரும் கத்தியைத் தொடலாகாது. யோவான் குன்றின் மேலிடமோ ஃபுல்டாவில் இருந்தது. இடையே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் குன்றிலிருந்து பழத்தின் மாதிரியோடு ஒரு தூதன் குதிரையேறிச் செல்வான். அனுமதி ஓலையோடு திரும்புவான்.

1775-ஆம் ஆண்டில் அத்தூதன் குறித்த காலத்தில் திரும்பவில்லை. ஹைன்ரிக் ஃபொன் பிப்ரா என்பவர் அப்போது ஃபுல்டாவின் ஆயராக விளங்கினார். அவர் வேட்டைக்குப் போயிருந்தார் என்பர் சிலர். வழியில் கள்வர் மறித்தனர் என்பர் சிலர். பெண்ணொருத்தியின் மையலில் தூதன் தங்கிவிட்டான் என்பாரும் உளர். சொல்லுவோரின் மனப்பான்மைக்கு ஏற்பக் காரணம் மாறுகிறது. குன்றின்மேல் இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பக்கத்து ஊர்களில் பறிப்பு முடிந்து ஆலைகள் ஓடிக் கொண்டிருக்கின்றன. இங்கோ பழம் தோல் சுருங்கி, பழுப்பேறி, சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து கிடக்கிறது. ஆணை இல்லை, தொடவும் கூடாது. ஓராண்டு உழைப்பு கண்ணெதிரே அழுகுகிறது. ஏறக்குறைய இரண்டு வாரத் தாமதத்திற்குப் பின் தூதன் வந்தான். வேறு வழியின்றி அழுகிய பழத்தையே பறித்துப் பிழிந்தார்கள். அடுத்த ஆண்டு வசந்தத்தில் பீப்பாயைத் திறந்து சுவைத்தபோது, அதைப் போன்றதொரு மதுவை அதுவரை எவரும் அறிந்ததில்லை என்பது அம்மாளிகையார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. குதிரைமேல் அமர்ந்த அத்தூதனின் சிலை இன்றும் மாளிகை முற்றத்தில் நிற்கிறது.

அழுகல் எவ்வாறு அமுதாயிற்று? போட்ரைட்டிஸ் என்னும் அப்பூஞ்சை பழத்தின் தோலில் நுண்ணிய துளைகளை உண்டாக்குகிறது. காலையில் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி அதனை வளர்க்கிறது. நண்பகலின் வெயிலும் காற்றும் அத்துளைகளின் வழியே பழத்தின் நீரை உலர்த்துகின்றன. நீர் குறையக் குறைய இனிப்பும் புளிப்பும் செறிந்து நிற்கின்றன. தேனின் மணமும் உடன் சேருகிறது. மூடுபனிக்குப் பின் வெயில் வர வேண்டும் என்பது இதில் முக்கியம். இடைவிடாத மழை வந்தால் அதே பூஞ்சை குலையை வீணான அழுகலாக்கிவிடும். இயல்பாகவே புளிப்பு மிகுந்த ரீஸ்லிங்கில் இச்செறிவு திகட்டாமல் நிற்கிறது. வேறு பல வகைகளில் இதுவே வெல்லப்பாகு போலத் தடித்துவிடும்.

யோவான் குன்றே இவ்வுண்மையை உலகில் முதன்முதலாகக் கண்டது என்று சிலர் எழுதுகின்றனர். அவ்வாறு கொள்ள இடமில்லை. ஹங்கேரி நாட்டில் டோக்காய் என்னும் பகுதியில் சுருங்கிய பழத்திலிருந்து இனிய மது செய்யும் முறை அதற்கு முன்பே பெயர்பெற்று, 1737-இல் அரச ஆணையால் அத்தோட்டங்களுக்கு எல்லையும் வகுக்கப்பட்டிருந்தது. ரைன் கரையிலும் காலந்தாழ்ந்து பறித்தவர்கள் முன்னரும் இருந்திருப்பார்கள். மழையும் போரும் நோயும் பறிப்பைத் தள்ளிவைக்காத நாடு ஏது? 1775-இன் பெருமை அழுகிய பழத்தைப் பிழிந்ததில் இல்லை என்பது என் கருத்து. அதற்குப் பின் என்ன செய்தார்கள் என்பதிலேதான் இருக்கிறது. தற்செயலாக நேர்ந்ததை அடுத்தடுத்த ஆண்டுகளில் வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். முதலில் ஒரு பகுதியைப் பறிப்பது, மற்றொரு பகுதியைக் கொடியிலேயே விட்டுவைப்பது, இரண்டையும் தனித்தனிப் பீப்பாயில் இடுவது என்று முறை வகுத்தார்கள். 1787-இல் நன்கு முதிர்ந்த குலைகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பறிக்கும் முறையும் அங்கே வந்துவிட்டது. ஜெர்மானிய மொழியில் ‘ஷ்பேட்லேஸே’ என்றால் பிந்திய பறிப்பு. ‘அவுஸ்லேஸே’ என்றால் தேர்ந்த பறிப்பு. மண்ணின் பெயரோ கொடியின் பெயரோ அல்ல இவை. பறித்த நாளையும் பறித்த விதத்தையும் கூறும் பெயர்கள்.

1788-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்ஸன் ரைன் கரையில் பயணம் செய்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான அதே ஜெபர்ஸன்தான். தோட்டம் தோட்டமாகச் சென்று மண்ணையும் விலையையும் குறித்துக்கொண்ட அவர், ரைன் மதுக்களுள் யோவான் குன்றினதையே தலைசிறந்ததாக மதித்தார். பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் குன்றின் புகழ் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு அவர் குறிப்பே போதிய சான்று.

புகழ் வந்தால் அதனை விரும்பும் கைகளும் வரும். 1802-இல் ஃபுல்டாவின் உடைமைகள் ஆரஞ்சு இளவரசருக்குச் சென்றபோது குன்றும் உடன் சென்றது. 1806-இல் நெப்போலியன் அதனைப் பறித்து, தம் தளபதி கெல்லர்மனுக்கு அளித்தார். 1792-இல் வால்மி என்னும் இடத்தில் பிரஷ்யப் படையைத் தடுத்து நிறுத்திய வீரர் அவர். போர்க்களத்தில் நின்றவருக்குத் தோட்டத்தில் நிற்கப் பொறுமையில்லை போலும்! 1811-ஆம் ஆண்டில், வானத்தில் பெரிய வால்மீன் தோன்றிய அந்த ஆண்டில், விளைச்சல் முழுவதும் பிராங்பர்ட்டு நகரத்து மும் என்னும் செல்வரின் கைக்கு விற்பனையாயிற்று. அந்த ஆண்டு மதுவோ நூற்றாண்டிலேயே சிறந்ததாக அமைந்தது. வாங்கியவர் அதில் ஈட்டிய பொருளைக்கொண்டு அதே ஊரில் தமக்கென ஒரு தோட்டம் அமைத்துக்கொண்டார்.

நெப்போலியன் வீழ்ந்தபின், வியன்னா மாநாட்டில் ஐரோப்பாவின் எல்லைகளை வகுத்தவர்களுள் முதல்வரான மெட்டர்னிக்குக்கு ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் பிரான்சிஸ் 1816-இல் இக்குன்றைப் பரிசாக வழங்கினார். ஆனால் ஒரு நிபந்தனை: ஆண்டுதோறும் விளைச்சலில் பத்திலொரு பங்கு ஹப்ஸ்பர்க் குடும்பத்துக்குச் சேர வேண்டும். குடியானவனிடமிருந்து எந்தப் பங்குக்காகப் பறிப்பு நாளை மேலிடம் குறித்ததோ, அதே பத்திலொரு பங்கு இப்போது ஐரோப்பாவையே ஆட்டிவைத்த அமைச்சரின் தலைமேல் வந்து அமர்ந்தது! 1918-இல் அப்பேரரசு மறைந்த பின்னரும் அந்தக் கடப்பாடு அடியோடு மறையவில்லை என்பது விந்தை.

19-ஆம் நூற்றாண்டில் குணத்தை அளக்கும் கருவியும் கிடைத்தது. ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத்துப் பொற்கொல்லர் ஃபெர்டினாண்ட் ஒக்ஸ்லே, திராட்சைச் சாறு தண்ணீரைவிட எவ்வளவு கனமானது என்பதைக் காட்டும் மிதவையைச் செம்மைப்படுத்தினார். ஒரு லிட்டர் சாறு தண்ணீரைவிட 85 கிராம் கூடுதலாக நின்றால் அது 85 பாகை. நாவின் தீர்ப்பு எண்ணாக மாறிற்று. 1971-ஆம் ஆண்டு ஜெர்மானிய மதுச் சட்டம் இந்த எண்ணையே அடிப்படையாகக் கொண்டு ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே முதலிய படிகளை வகுத்தது. உலர்ந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்யும் உச்சப் படிக்கு 150 பாகையாவது வேண்டும். இதில் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. எண் இனிப்பை அளக்கும், மண்ணை அளக்காது. செங்குத்தான குன்றில் பாடுபட்டுப் பெற்ற 85-உம், சமவெளியில் எளிதில் பெற்ற 85-உம் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டன. அங்குள்ள மது வடிப்போரில் பலரும் இதனைச் சுட்டிக் குறைகூறி வந்துள்ளனர்.

1858-இல் யோவான் குன்றில் இன்னொரு காத்திருப்பும் பயன் தந்தது. பழங்கள் கொடியிலேயே உறைந்து போகும்வரை விட்டுவைத்து, உறைந்த நிலையிலேயே பிழிந்தார்கள். பழத்திலுள்ள நீர் பனிக்கட்டியாகி ஆலையிலேயே தங்கிவிட, செறிந்த சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக வடிந்தது. ‘ஐஸ்வைன்’ எனும் பனிமது அது. இதற்குப் பூஞ்சை வேண்டுவதில்லை. சுழியத்துக்குக் கீழே 7 பாகையாவது குளிர் வேண்டும். பெரும்பாலும் விடியற்காலை இருளில், விறைத்த விரல்களோடு பறிக்க வேண்டும்.

பின் வந்த துன்பங்கள் பல. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியக் கொடிகளை அழித்தமையால், அமெரிக்க வேர்க்கட்டையின்மேல் ஒட்டுக்கட்டியே கொடி வளர்க்கும் நிலை வந்தது. அமெரிக்காவில் யோகானிஸ்பெர்க் என்ற ஊர்ப் பெயரையே ரீஸ்லிங் வகைக்கு நெடுங்காலம் இட்டு வழங்கினார்கள். கொடியின் கடன் ஒருவகையில் திரும்பி வந்தது எனலாம். 1942-இல் குண்டுவீச்சில் மாளிகையும் கோயிலும் எரிந்தன. போருக்குப் பின் அவை திரும்பக் கட்டப்பட்டன. ‘நிலத்தடி நூலகம்’ என்று பெயரிட்டு அங்கே ஒரு நிலவறையில் பழைய மதுப் புட்டிகளைக் காத்து வருகின்றனர். அவற்றுள் மிகப் பழையது 1748-ஆம் ஆண்டினது. தூதன் தாமதித்த நாளுக்கு 27 ஆண்டு முந்தியது!

ஏறக்குறைய 35 ஹெக்டேர் பரப்புள்ள அத்தோட்டத்தில் இன்றும் ரீஸ்லிங் ஒன்றே பயிராகிறது. ஆனால் அங்கும் வானிலை மாறிவிட்டது. பழம் முதிருமா என்பதே பழங்காலத்தவரின் கவலை. வெப்பம் ஏறிவரும் இந்நாளில் பழம் விரைந்து முதிர்ந்து, ரீஸ்லிங்கின் உயிரான புளிப்பு குறைந்துவிடுமோ என்பதே கவலை. அக்டோபரின் இறுதியை நோக்கிக் காத்திருந்தவர்கள் செப்டம்பரிலேயே கத்தியை எடுக்கும் ஆண்டுகள் வருகின்றன. 2019-ஆம் ஆண்டின் விளைச்சலில் ஒரு பகுதியைப் பனிமதுவுக்கென ஜெர்மனியின் பல தோட்டங்களில் கொடியிலேயே விட்டு வைத்தனர். டிசம்பர் கழிந்தது, ஜனவரி கழிந்தது, பிப்ரவரியும் வந்தது. வேண்டிய குளிர் வரவில்லை. அந்த ஆண்டில் நாடு முழுவதும் பனிமது ஏறக்குறைய முற்றிலும் பொய்த்துப் போயிற்று.